அடுத்த மாடல் வரட்டும்

என் இரும்புப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கும் நிலத்துப் பத்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி கிடக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. காதில் மாட்டிக் கேட்கிற ஒயர் அறுந்து எத்தனையோ வருசம் ஆச்சு. கேசட்டு போடுகிற மூடி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். அதை ஒரு சிவப்புத் துணிக் கிழிசலால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பின்னால் பேட்டரி போடுகிற குழி வெறுமையாக இருக்கிறது. ஓடாத சாமானை எதுக்குக் கட்டிக் காக்கணும் என்று என் மகள் இரண்டு தடவை இதைக் குப்பைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு தடவையும் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். காரணம் சொல்லவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னமும் ஏலக்காய் மணக்கிறது. அது உங்கள் நினைப்பு என்கிறாள் மகள். இருக்கட்டும்.

இது எங்கள் அத்தை கையில் இருந்த சாமான். அத்தை என்றால் என் மாமியார். ராசிங்காபுரத்தில் எங்களுக்குக் காடுகரை உண்டு, கிணறு உண்டு. ஆள் விட்டு வேலை வாங்கிய வீடு அது. கூலிக்குப் போன வீடு இல்லை. எண்பதுகளில் மழை தொடர்ந்து ஏமாற்றி, கிணற்றில் தவளை இருக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் போனபோதுதான் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவது என்று ஆனது. அப்போதும் அத்தை ஒரே பிடியாக நின்றார். போனால் கங்காணியாகத்தான் போவேன், நாலு பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால்தான் நடப்பேன், இன்னொருத்தி பின்னால் கூடை தூக்க மாட்டேன் என்றார். சொன்னபடி அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு செட்டு கட்டிவிட்டார். விடிகாலையில் ஜீப்பு வரும். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அத்தை. பின்னால் நாங்கள் நெல்லு மூட்டை அடுக்கினது மாதிரி. அந்த முன்சீட்டை அவர் யாருக்கும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. மருமகள் என்று எனக்கும்தான். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அந்தச் சீட்டில் அவர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து போவதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு மானமும் நிமிர்ந்து மலை ஏறுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பாட்டுப் பெட்டி டிரைவருடையது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளத்துக்காரர் கடையில் வாங்கினது. இருக்கிறதிலேயே விலை குறைந்தது அதுதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ரேடியோ கிடையாது, வெளியே சத்தம் வராது, காதில் மாட்டினால் மாட்டினவருக்கு மட்டும் கேட்கும். கேசட்டு ஒரு பக்கம் முடிந்தால் நாமே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். ஜீப்பு நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒருத்தர் காதுக்கு மட்டும் பாட்டு என்றால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. அத்தைதான் பஞ்சாயத்துச் சொன்னார். போடிமெட்டு ரோட்டில் வளைவுக்கா பஞ்சம், ஒரு வளைவுக்கு ஒருத்தி என்றார். முதல் வளைவு அத்தைக்கு. அடுத்தது எனக்கு. அப்புறம் தேவாரம் என்கிற ஊரில் இருந்து வருகிற தேவாரத்துக்காரிக்கு, அப்படியே கடைசி வரைக்கும். வளைவு திரும்பும்போது எல்லாரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்வோம் பாருங்கள், அந்தச் சாய்விலேயே பெட்டி கை மாறிவிடும். ஒருத்திக்கு ஒரு சரணம் கிடைக்கும், ஒருத்திக்கு வெறும் மத்தளம்தான் கிடைக்கும். தேவாரத்துக்காரிக்கு எப்பவும் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருகிற இடைவெளிதான் அமையும். "எனக்குன்னு வர்றப்ப மட்டும் கொரகொரன்னு கொறட்டை விடுதுடி இது, எங்க வீட்டுக்காரர் மாதிரியே" என்பாள்.

பாட்டைவிட எங்களுக்கு ருசியாக இருந்தது அடுத்து வரப்போகிற மாடலைப் பற்றிய பேச்சுதான். டிரைவர் லோடு ஏற்ற அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வருவார். "புதிய மாடல் வரும் கேட்டோ" என்று கடைக்காரர் சொன்னதை அவரைப்போலவே இழுத்துச் சொல்லிக் காட்டுவார். என்ன வரும், எப்போது வரும் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. அதனால் எங்களுக்கு ரொம்ப வசதி. கேசட்டு தானாகத் திரும்பிக்கொள்ளுமாம் என்பாள் ஒருத்தி. பத்துப் பேர் காதுக்கும் பத்து ஒயர் வரும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி ஆளுக்கு ஒன்று என்பாள் இன்னொருத்தி. மழைத்தண்ணி பட்டால் ஒன்றும் ஆகாது, பேட்டரி தீர்ந்தால் ஜீப்பு எஞ்சினில் இருந்தே கரண்டு குடித்துக்கொள்ளும் என்பார் டிரைவர். யானை வந்தால் முன்கூட்டியே கத்துகிற மாடல் வந்தால் நானே வாங்குகிறேன் என்பாள் தேவாரத்துக்காரி. அவர்கள் ஊர்ச் சோளக்காட்டை யானை மிதித்திருந்தது. விலை மட்டும் கூடக்கூடாது என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒன்றுதான் சொல்வார். "மத்ததெல்லாம் கெடக்கட்டும் அப்பு. சத்தம் கூட வைக்கச் சொல்லு. கொசு பாடுற மாதிரி இருக்கு."

முதலில் நாங்களும் சிரித்தோம். கங்காணிக்குச் சத்தம் போட்டுப் பழக்கம், அதான் பாட்டும் அதட்ட வேண்டும் என்று நினைக்கிறார் என்று. பிறகு ஒன்று கவனித்தேன். அத்தை கையில் இருந்து பெட்டி எனக்கு வரும்போதெல்லாம் சத்தம் கூட்டுகிற சக்கரம் கடைசிக் கோட்டில் நிற்கும். காதில் வைத்தால் மண்டைக்குள் தவில் அடிக்கும். நான் கீழே இறக்கி வைத்துக்கொள்வேன். ஒருநாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, தினமும். ஆனாலும் அத்தைக்குக் காது கேட்கவில்லை என்று மனசுக்குள் நினைக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, அவர் கேட்கிற ஆள் இல்லை, சொல்கிற ஆள். அவர் சொல்வார், நாங்கள் செய்வோம். அப்படிப்பட்டவருக்குக் காது போனது வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும், யோசித்துப் பாருங்கள்.

மலையில் ஏலக்காய் எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே வானம் தெரியாமல் பெரிய மரங்கள், கீழே ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடி. காய் செடியின் தூரில் தரையை ஒட்டிக் கிடக்கும். குனிந்து எடுத்துக்கொண்டே போகிறவளுக்குப் பக்கத்து வரிசைக்காரி எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அதனால் கூவிக்கொள்வோம். ஒருத்தி ஊ என்றால் அடுத்தவள் ஊ என்பாள், கடைசியில் கங்காணி ஒரு பெரிய குரல் கொடுத்து முடித்து வைப்பார். அந்தக் கடைசிக் குரல் வந்தால்தான் எல்லாரும் பத்திரம் என்று அர்த்தம். கங்காணி குரல் கொடுக்காத செட்டை, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மலையில் விடமாட்டார். யானை நடமாடுகிற இடம், அவர் சொல்வதிலும் தப்பில்லை. அந்த வருசம் ஐப்பசி மழைக்கு நடுவில் எங்கள் கூவலுக்குக் கடைசிக் குரல் வராமல் போக ஆரம்பித்தது. நான் அத்தைக்கு அடுத்த வரிசையை எடுத்துக்கொண்டேன். எல்லாரும் கூவி முடித்ததும் ஒரு பச்சைக் காயை எடுத்து அத்தை முதுகில் எறிவேன். அவர் திரும்பி, "கை சும்மா இருக்காதாடி" என்று வைதுவிட்டு, அந்தச் சூட்டோடு பெரிய குரலில் கூவுவார். சரியாகிப் போகும். சில நாள் கழித்துப் பார்த்தால், நான் தூரமாக இருக்கிற நேரத்தில் தேவாரத்துக்காரி எறிகிறாள். இன்னொரு நாள் வேறொருத்தி. யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அத்தைக்கு வேலை போனால் எங்கள் வீட்டு அடுப்புக்கு என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். முன்சீட்டில் இருந்து இறங்கிப் பின்னால் வந்து உட்கார அத்தை உயிரோடு சம்மதிக்க மாட்டார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அந்த மாதங்களில் இருப்புக் கொள்ளவில்லை. காய் எடுக்கிற கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம், கண் அத்தை முதுகில். வீட்டில் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நிற்பேன். சொல்லிவிடலாமா என்று ஒரு மனசு, சொல்லி அவர் முகம் சுண்டிப்போனால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு மனசு. அத்தையும் ஒரு நிலையில் இல்லை. பாட்டுப் பெட்டி மழையில் நனைந்துவிட்டது என்று ஒருநாள் அவரே அதைத் துடைத்து, காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஸ்டோர் என்றால் விறகுச் சூட்டில் பச்சைக் காயை வாட்டிக் காய வைக்கிற அறை. மழைக்காலத்தில் ஈரச் சேலை, கம்பளி என்று எங்களுக்கு எது நனைந்தாலும் அங்கேதான் காயும். பாட்டுப் பெட்டியும் காயும் என்று கம்பி வலைத் தட்டில் ஏலக்காயோடு ஏலக்காயாகப் பரப்பிவிட்டு வந்துவிட்டார். திரும்ப எடுக்கும்போது மூடி வளைந்து, உள்ளே இருந்த கேசட்டு உளுந்துவடை மாதிரி உப்பியிருந்தது. டிரைவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. ஏலக்காய் எத்தனை தரம் ஆத்தா, இது முதல் தரமா ரெண்டாம் தரமா என்று கேட்டார். அத்தை தன் சேலைத் தலைப்பில் இருந்து சிவப்பாக ஒரு கிழிசல் கிழித்து மூடியை இறுக்கிக் கட்டிக் கொடுத்து, வேறு கேசட்டு போடு, பாடும் என்றார். பாடியது. அடுத்த மாடலில் மூடி இரும்பில் வர வேண்டும் என்பதும் அன்றைக்கு எங்கள் பேச்சில் சேர்ந்துகொண்டது.

பிறகு யானை வந்தது. மத்தியானம் தாண்டியிருக்கும். காவல்காரர் தகரத்தைத் தட்டுகிற சத்தம் சரிவுக்கு மேலே இருந்து கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு எல்லாரும் எழுந்துவிட்டோம். அத்தை மட்டும் எங்களுக்கு மேலே, தகரச் சத்தம் வந்த பக்கமாகவே குனிந்து காய் எடுத்துக்கொண்டு போகிறார். நான் காயை எறிந்தேன். தோளில் பட்டது, திரும்பவில்லை. கை நிறைய அள்ளி எறிந்தேன். பிடரியில் பட்டதும் வைகிறதுக்கு வாயைத் திறந்துகொண்டு திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். காட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை, என் முகத்தை மட்டும்தான் பார்த்தார். வாயில் இருந்த வசவு அப்படியே மாறி, "எல்லாரும் வெரசா ஸ்டோருக்கு எறங்குங்கடி" என்று மலை அதிரக் குரல் கொடுத்தார். ஒவ்வொருத்தியும் தன்னைத் தாண்டிப் போகிறவரை நின்றுவிட்டுக் கடைசியில்தான் அவர் இறங்கினார். யானை வேறு சரிவுக்குப் போய்விட்டது. கங்காணி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ரைட்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தை தலையை ஆட்டினார். அவருக்கு என்ன கேட்டதோ எனக்குத் தெரியாது. திரும்பிப் போகிறபோது ஜீப்பில் யாரும் அடுத்த மாடலைப் பற்றிப் பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் வழக்கம்போல முதல் வளைவில் அத்தை பாட்டுப் பெட்டியைக் காதில் மாட்டினார். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டு, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். வளைவு திரும்பியதும் பின்னால் நீட்டினார். நான் வாங்கி மாட்டினேன். சத்தமே இல்லை. சக்கரம் கடைசிக் கோட்டில் நிற்கிறது, ஒரு இரைச்சல்கூட இல்லை. அத்தை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது, அது தெரியாமல் தாளம் போட்டிருக்கிறார், இப்போது நான் பாடவில்லை என்று சொன்னால் அவர் குட்டு ஜீப்புக்கு நடுவில் உடைந்துபோகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நானும் தலையை ஆட்டினேன். அடுத்த வளைவில் தேவாரத்துக்காரியிடம் கொடுத்தேன். மாட்டினாள். என்னைப் பார்த்தாள், முன்சீட்டைப் பார்த்தாள். வாய் ஓயாத அவளும் ஒன்றும் பேசாமல் கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். அப்படியே ஒவ்வொருத்தியும். வாடைக் காற்று முகத்தில் அறைய, ஜீப்பு உறுமிக்கொண்டு ஏற, கடைசி வளைவு வரைக்கும் இல்லாத பாட்டுக்கு அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டு போனோம். மெட்டில் செக்போஸ்ட்டு தாண்டியதும் பெட்டி முன்னால் போய் அத்தை மடியில் உட்கார்ந்தது.

சாயங்காலம் இறங்கும்போது டிரைவர் அதைக் காதில் மாட்டினார். பாட்டு நன்றாக ஓடியது. காலையில் ஓடாதது சாயங்காலம் எப்படி ஓடும் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மழை ஈரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்கிறேனே ஒழிய, அது உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பருவம் முடிந்து, அடுத்த பருவத்துக்கு ஜீப்பு வாசலில் வந்து நின்ற காலையில் அத்தை குளித்துத் தலை முடித்து வெளியே வந்தார். ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து முன்கதவைத் திறந்தார். என் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினார். டிரைவர் ஆத்தா நீங்க என்று இழுத்தார். அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அந்தப் பெட்டி என் காதுக்குப் பத்தலை. அடுத்த மாடல் வரட்டும், நான் வர்றேன். அதுவரைக்கும் மருமக பாத்துக்குவா." கதவைச் சாத்திவிட்டு, போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலைக்குப் பஸ்சு ஏறப் போய்விட்டார். கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் பார்த்து, பருமன் பார்த்துக் காயைப் பிரிப்பார்கள். அதற்குக் கண்ணும் விரலும் போதும். கங்காணி வேலையை விட்டார் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. நல்ல மாடலுக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் சொன்னார்கள், சிரிக்காமல்.

அந்த மாடலும் வந்தது. எனக்கு மலையில் வேலை இல்லாத ஒருநாள், நானும் அத்தையோடு கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கை நிறைய ஒரு புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியே சத்தம் வருகிற வாய் இருந்தது, ரேடியோ இருந்தது. கிட்டங்கி முழுக்கக் கேட்கிற மாதிரி வைத்துக் காட்டினார். வாங்க ஆத்தா, சீட்டு காலியாத்தான் கெடக்கு, உங்க மருமக எனக்குப் பக்கத்துல ஓரமாத்தான் உக்காருது என்றார். அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேசட்டு தானாத் திரும்புமா என்று கேட்டார். டிரைவர் இல்லை என்றார். நான் கையை விரித்து, உள்ளங்கையைப் புரட்டிக் காட்டி, நாமதான் திருப்பணும் என்று சைகை செய்தேன். "அப்ப இது புதுசு இல்லை அப்பு. இன்னும் ஒரு மாடல் போகட்டும்" என்றார். டிரைவர் சிரித்தார். போகும்போது பழைய பெட்டியை அத்தை மடியில் வைத்துவிட்டுப் போனார். அத்தை அதைத் திருப்பிப் பார்த்து, பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ரெண்டு பேட்டரியையும் எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். டார்ச்சுக்காக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

காயைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அன்னிக்கும் இப்படித்தான் கழட்டி இடுப்புல வச்சிருந்தேன்."

என் கை நின்றுபோனது. அவர் கை நிற்கவில்லை. யானை வந்த அன்றைக்கு என் முகத்தில் பார்த்ததில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். எங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்க்கப் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியைக் காதில் மாட்டித் தாளம் போட்டிருக்கிறார். மேலே போனதும் பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டாராம். எவளாவது ஒருத்தி பாட்டு வரவில்லையே என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பி அடுத்த பருவமும் ஏறியிருப்பாராம். "நீதான் முதல்ல தலையாட்டினே. நீ ஆட்டினதுமே எனக்கு வெளங்கிருச்சு. மத்தவளுக ஆட்டினது சும்மா கணக்குக்கு." கோபமா அத்தை என்று கேட்டேன்; குனிந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று மறுபடியும் கேட்டேன். கோபமெல்லாம் இல்லை என்று தலையசைத்தார். ஒரு நல்ல காயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முதல் தரத்தில் போட்டார். "ஆனா ஒருத்தியாவது என்னைய வைதிருக்கலாம்டி" என்றார்.

அத்தை போய் வெகுகாலம் ஆகிறது. கேசட்டு தானாகத் திரும்புகிற மாடல் வந்து, கேசட்டே இல்லாத மாடலும் வந்துவிட்டது. இப்போது என் முறை. மூன்று வருசமாக எனக்கும் காது மந்தம். மகள் டவுனுக்குக் கூட்டிப்போய்க் காதுக்குள் வைக்கிற மிஷின் வாங்கிக் கொடுத்தாள், மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். அடுத்த மாடலில் போனில் பேசுவது நேராகக் காதுக்குள் வந்துவிடும், இரைச்சல் இருக்காது, அது வந்ததும் மாற்றிவிடலாம் என்கிறாள். கேட்கும்போது எனக்கு ஜீப்பு ஞாபகம்தான் வருகிறது. வீட்டில் எல்லாரும் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் என்னை உட்காரவிடவில்லை. நான் தப்பாகக் கேட்டு ஏதாவது பதில் சொன்னால் பேசாமல் சிரித்துக்கொள்கிறார்களோ, எனக்குத் தெரியாமல் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்களோ என்று நினைத்து நினைத்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன்.

போன வாரம் மிஷினைத் திறந்து, பொட்டு அளவு இருக்கிற அந்தப் பேட்டரியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். வெறும் மிஷினைக் காதில் வைத்து உட்கார்ந்தேன். மகள் வந்தாள், கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ நெடுகப் பேசினாள். நான் தலையை ஆட்டினேன். பேசினாள், ஆட்டினேன். சட்டென்று கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து என் காதில் இருந்து மிஷினை உருவினாள். நகத்தால் திறந்து பார்த்தாள். அப்புறம் வைதாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்த வாயும் புருவமும் கையும் எல்லாம் வசவு என்று தெரிந்தது. நான் முடிச்சை அவிழ்த்துப் பேட்டரியைக் கொடுத்தேன். போட்டு, காதில் மாட்டிவிட்டாள். கடைசித் துண்டு மட்டும் காதில் விழுந்தது. "...எதுக்கும்மா சும்மா தலையாட்டுறீங்க, கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் வைது முடிக்கிறவரை இருந்தேன். பிறகு எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து அந்தப் பாட்டுப் பெட்டியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். அவள் சிவப்புத் துணியைப் பார்த்தாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். திருப்பி, பின்மூடியை நகத்தால் திறந்தாள்.

"இதுலயும் பேட்டரி இல்லையேம்மா" என்றாள்.

"இல்லை" என்றேன். "உக்காரு, சொல்றேன்."